பஷ்மினா ஆடும் அய்யாவின் கன்னி ஆடும்

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை நானும் வீட்டம்மாவும் திருவண்ணாமலைக்குப் போயிருந்தோம். வெளியூர் நண்பர்கள் அருணாசலேஸ்வரர் கோயிலை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், சின்ன மலைமேல் சீனிவாசப் பெருமாள் நின்ற கோலத்தில் இருக்கிற எங்கள் திருவண்ணாமலை. திருப்பதிக்குப் போக முடியாதவர்கள் இங்கே வந்து நேர்த்திக்கடனை முடித்துக்கொள்வார்கள். தென் திருப்பதி என்றே பெயர். என் மகனுக்கும் மகளுக்கும் முதல் முடி இங்கேதான் இறக்கினோம்.

படி ஏறி இறங்கியதில் என் முழங்கால் பேச ஆரம்பித்துவிட்டது. அடிவாரத்தில் ஒரு திண்டில் உட்கார்ந்திருந்தேன். புரட்டாசிக்குப் போடும் தற்காலிகக் கடைகளில் ஒன்றில் சால்வைகளைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அட்டையில் கொட்டை எழுத்தில், 'ஒரிஜினல் காஷ்மீர் பஷ்மினா, 300 ரூபாய்.'

வீட்டம்மா ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, லடாக்குல எட்டாயிரம் பத்தாயிரம்னாங்க. இங்க முந்நூறுதான். பெருமாள் புண்ணியம்" என்றாள். கேலிதான். அவளுக்கும் தெரியும்.

வாங்கிக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் ஓரத்திலிருந்து இரண்டு இழை உருவி, கொல்லைப்புறம் போய்த் தீக்குச்சி கிழித்தேன். இழை சுருண்டு, உருகி, நுனியில் கறுப்பாய் ஒரு மணி போல உறைந்தது. பிளாஸ்டிக் நாற்றம். ஆட்டு உரோமமாக இருந்தால் தலைமுடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடிந்துபோகும். பருத்தியாக இருந்தால் காகிதம் எரிகிற மாதிரி எரியும். இது மூன்றாவது ரகம்.

"எரிச்சுப் பாத்தாச்சா? இனி கொண்டாங்க, போத்திக்கிறேன். மார்கழிக்கு ஆகும்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சால்வை முந்நூறு ரூபாய் என்பதற்காக இல்லை. அந்தக் கருகின இழையோடு வேறு ஒரு நினைப்பு வந்துவிட்டது. அதைத்தான் இந்தப் பதிவில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழை பார்ப்பது என் தொழில். முப்பத்தெட்டு வருஷம் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து 2011-ல் ஓய்வு பெற்றேன். பேல் வந்து இறங்கினால் முதலில் எங்கள் கைக்குத்தான் வரும். இழையின் நீளம், மென்மை, உறுதி, முதிர்ச்சி பார்த்து, இது நாற்பதாம் கவுன்ட்டுக்கு ஆகும், இது எண்பதுக்கு ஆகும் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். எங்கள் கரிசலின் கருங்கண்ணியில் தொடங்கி எம்.சி.யு.5, எல்.ஆர்.ஏ., சுவின் வரை எத்தனையோ பஞ்சை விரலால் இழுத்துப் பார்த்திருக்கிறேன். சுவின் என்ற பெயர் சுஜாதா, வின்சென்ட் என்ற இரண்டு ரகத்தைக் கலந்ததால் வந்தது. நூறாம் கவுன்ட்டுக்கு மேலே நூற்கலாம். அதைத் தொட்டால் கையை எடுக்க மனசு வராது.

நான் பஞ்சைப் பார்த்தேன். என் அய்யா ஆட்டைப் பார்த்தார். அவருக்குக் கன்னி, எனக்குக் கருங்கண்ணி என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

கன்னி ஆடு எங்கள் பக்கத்து வெள்ளாடு. சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி, விளாத்திகுளம் என்று கரிசல் பூமி முழுக்க இருக்கும். நெடுநெடுவென்று உயரம், கறுப்பு உடம்பு, நெற்றியிலிருந்து மூக்கு வரை இரண்டு பக்கமும் கோடு. கோடும் வயிறும் கால்களும் வெள்ளையாக இருந்தால் பால்கன்னி, செம்மண் நிறமாக இருந்தால் செங்கன்னி. அநேகமாக இரட்டைக்குட்டி போடும். மழையே இல்லாத வருஷத்திலும் கருவை நெத்தைத் தின்று உயிர் பிழைத்துக்கொள்ளும்.

அய்யாவிடம் ஒரு காலத்தில் நாற்பத்திரண்டு உருப்படி இருந்தது. திருவண்ணாமலை அடிவாரத்திலிருந்து கண்மாய்க்கரை வரை அவருடைய மேய்ச்சல். தோளில் தொரட்டிக் கம்பு, தலையில் துண்டு, மழைக்காலத்தில் சாக்குக் கொங்காணி. அறுவடை முடிந்த காட்டில் கிடை போட்டால் சம்சாரிகள் தானியமோ காசோ கொடுப்பார்கள். ஆட்டுப் புழுக்கை ஒரு வருஷத்துக்குப் பேசும் என்பார்கள். பால், குட்டி, தோல், புழுக்கை எல்லாவற்றுக்கும் விலை உண்டு. மயிருக்கு மட்டும் விலை கிடையாது. கூலி சரியாகக் கிடைக்காவிட்டால் அய்யா, "ஆட்டு மயிர் வெலைக்குக் கேக்கான்" என்பார். ஒன்றுக்கும் ஆகாத விலை என்று அர்த்தம்.

நான் டெக்ஸ்டைல் டிப்ளமோ படித்த மூன்று வருஷத்தில் அந்தப் பட்டி கரைந்தது. ஒவ்வொரு ஃபீஸுக்கும் இரண்டு கிடா, மூன்று மறி என்று சந்தைக்குப் போகும். 1973-ல் நான் மில்லில் சேர்ந்தபோது பதினொன்று மிச்சம்.

1975-ல், ஐப்பசி அடைமழை. நாலு நாள் விடவில்லை. குட்டிகளைப் பஞ்சாரத்தில் போட்டு வீட்டுக்குள்ளே வைத்திருந்தும் ஆறு குட்டி குளிரில் விறைத்துப் போய்விட்டது. அதற்கு அடுத்த வாரம், சொல்லாமல் கொள்ளாமல், அய்யா மில் வாசலில் வந்து நின்றார். அம்மா கொடுத்துவிட்ட அதிரசத்தைக் கொண்டுவந்திருந்தார். வாட்ச்மேன் தெரிந்தவர், உள்ளே விட்டார்.

பரிசோதனைக்கூடத்தை அவருக்குச் சுற்றிக் காட்டினேன். எனக்குப் பெருமைதான். பஞ்சைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் முதிர்ச்சி பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அவரையும் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். "புழு மாதிரில்ல கெடக்கு" என்றார். பிறகு மடியை அவிழ்த்து, ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே கொஞ்சம் கறுப்பு மயிர்.

"ஏப்பா, இதையும் அதுல வச்சுப் பாரு. செம்மறி மழையில நின்னுக்கிடுது. நம்ம ஆடு ஒரு தூத்தலுக்கே நடுங்குது. மயிருல என்னமோ கோளாறு இருக்கு. என்னன்னு பாத்துச் சொல்லு."

என் மேலதிகாரி பக்கத்து மேஜையில் இருந்தார். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். "அய்யா, இது பஞ்சு பாக்குற மிஷின். ஆட்டு மயிரையெல்லாம் இதுல வைக்கக்கூடாது. எடுத்து உள்ள வைங்க" என்றேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். ஆனாலும் அதட்டல்தான்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொட்டலத்தை மறுபடி மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பஸ் ஏற்றிவிட்டேன். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அடுத்த வருஷம் மிச்ச ஆட்டையும் விற்றுவிட்டார். மேய்க்கத் தெம்பில்லை என்றார். 1989-ல் போய்ச் சேர்ந்தார்.

இப்போது லடாக் கதைக்கு வருகிறேன்.

2018 ஜூன் மாதம் என் மகளும் மாப்பிள்ளையும் எங்கள் இருவரையும் லேவுக்கு அழைத்துப் போனார்கள். லே ஊரே சுமார் 3,500 மீட்டர் உயரம். நம் கொடைக்கானல் மாதிரி ஒன்றரை மடங்குக்கும் மேல். முதல் இரண்டு நாள் அறையை விட்டு நகரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டம்மாவுக்குத் தலைவலி, எனக்கு மூச்சு. மூன்றாம் நாள் சரியானது. பிறகு அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு, சிந்து நதியை ஒட்டியே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போய், சோ மோரிரி ஏரிக்கரையில் இருக்கும் கோர்சோக் என்ற கிராமத்தில் இறங்கினோம். ஏரியே 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மேட்டுநிலத்துக்கு சாங்தாங் என்று பெயர். மரம் என்று ஒன்று கிடையாது. தரையை ஒட்டிக் கொஞ்சம் புல், கல், வானம், அவ்வளவுதான்.

அங்கே சாங்பா என்று ஒரு மக்கள். ஆடு, செம்மறி, யாக் இவற்றை ஓட்டிக்கொண்டு பருவத்துக்கு ஒரு இடமாகப் போகிறவர்கள். நம் கீதாரிகளின் வாழ்க்கைதான், குளிர் மட்டும் கூடுதல். யாக் முடியை நூற்று நெய்த கறுப்புக் கூடாரத்தில் இருப்பார்கள், அதை ரெபோ என்கிறார்கள். யாக்கைப் பார்த்ததும் எங்கள் தமிழ் வாத்தியார் ஞாபகம் வந்தது. திருக்குறளில் வரும் கவரிமா என்பது மான் இல்லை, இமயத்து யாக்தான் என்று அவர் வகுப்பில் அடித்துச் சொல்வார். நாங்கள் நம்பவில்லை.

ஊருக்கு வெளியே ஒரு கூடாரத்தில் ஆடு சீவிக்கொண்டிருந்தார்கள். ஆமாம், சீவுவதுதான். வெட்டுவதில்லை. இந்த ஆட்டுக்குச் சாங்தாங்கி என்று பெயர். பெரும்பாலும் வெள்ளை, முறுக்கின கொம்பு. உடம்பில் இரண்டு அடுக்கு உண்டு. மேலே நீளமான முரட்டு மயிர். அதற்கு அடியில், தோலை ஒட்டி, பஞ்சு போல ஒரு மெல்லிய அடிமயிர். அங்கே குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பது டிகிரிக்கும் இறங்கிவிடும். பகல் குறையக் குறைய அடிமயிர் வளரத் தொடங்கும். வெயில் வந்ததும் தானே கழன்றுகொள்ளும். அது காற்றில் போவதற்கு முன்னால் சீவி எடுத்துக்கொள்கிறார்கள். அந்த அடிமயிர்தான் பஷ்ம். அதில் நெய்தது பஷ்மினா.

ஆட்டைப் படுக்கவைத்துக் காலைக் கட்டி, வளைந்த கம்பிப் பல் வைத்த சீப்பால் கழுத்திலிருந்து வயிறு வரை இழுக்கிறார் ஒரு பெரியவர். என் வயதுதான் இருக்கும். முதலில் முரட்டு மயிர் வருகிறது, அப்புறம் சாம்பல் வெள்ளையாகப் பொதபொதவென்று ஒன்று சீப்பில் சுருண்டு வருகிறது. என் மில்லில் கோம்பர் மிஷின் செய்யும் அதே வேலை. குட்டை இழையைக் கழித்து நெட்டை இழையை நிறுத்தும். அங்கே மிஷினுக்குப் பதில் ஒரு மனிதர், ஆட்டோடு பேசிக்கொண்டே செய்கிறார். ஒரு ஆட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை, இருநூறிலிருந்து முந்நூறு கிராம் கிடைக்கும். அதிலும் அழுக்கும் முரட்டு மயிரும் கழிந்தால் பாதிக்கும் குறைவாகத்தான் தேறும். ஒரு சால்வைக்கு மூன்று ஆடாவது வேண்டும்.

மருமகன் கேட்டார், "மாமா, அங்கோரா ஆடும் இதுதானா?" இல்லை. அங்கோரா ஆடு துருக்கியின் அங்காரா பக்கத்தது. அதன் மயிர் மொஹேர், உடம்பு முழுக்கச் சுருள் சுருளாக வளரும், வெட்டி எடுப்பார்கள். இன்று தென்னாப்பிரிக்காவில்தான் அதிகம். அங்கோரா உல் என்று விற்பது முயலிடமிருந்து வருகிறது. ஒரே ஊர்ப் பெயர், இரண்டு பிராணி. நம் தமிழ்நாட்டில் உரோமத்துக்காக வளர்ப்பது செம்மறிதான். நீலகிரியில் நீலகிரிச் செம்மறி, கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் பாரத் மெரினோ.

பெரியவர் சீப்பிலிருந்து எடுத்ததை என் உள்ளங்கையில் வைத்தார். நண்பர்களே, நான் சுவினைத் தொட்டவன். ஆனால் இது கையில் இருப்பதே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை சூடானது. அப்போதுதான் இருக்கிறது என்றே தெரிந்தது.

இந்தச் சூட்டுக்காகத்தான் எத்தனை கூத்து நடந்திருக்கிறது. 1812-ல் மூர்கிராஃப்ட் என்ற வெள்ளைக்காரக் கால்நடை மருத்துவர், கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர், சந்நியாசி வேஷம் போட்டுக்கொண்டு திபெத்துக்குள் நுழைந்து இந்தச் சால்வை ஆடுகளை வாங்கிவந்தார். 1846 அமிர்தசரஸ் உடன்படிக்கையில் காஷ்மீரை குலாப் சிங்கிடம் 75 லட்ச ரூபாய்க்கு விட்டுக்கொடுத்தபோது, அவர் வருஷா வருஷம் ஆங்கிலேயருக்குக் கட்ட வேண்டிய கப்பமாக எழுதியது இது: ஒரு குதிரை, ஆறு கிடாவும் ஆறு பெட்டையுமாகப் பன்னிரண்டு சால்வை ஆடு, மூன்று ஜோடி காஷ்மீர்ச் சால்வை. ஆடு கப்பமாகப் போன கதையை அய்யாவிடம் சொல்லியிருந்தால் எவ்வளவு ரசித்திருப்பார்!

ஆட்டைக் கொண்டுபோய்விடலாம், குளிரைக் கொண்டுபோக முடியாதே. ஆட்டுக்கு அவசியம் இருந்தால்தான் அது போர்த்திக்கொள்ளும். உலகத்தில் இந்த மாதிரி மயிரின் பெரும்பங்கு இன்று சீனாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் வருகிறது. லடாக்கில் கிடைப்பது வருஷத்துக்குச் சுமார் ஐம்பது டன், உலகக் கணக்கில் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் மென்மையில் அதற்குத்தான் பேர்.

அங்கிருந்து அது லேவுக்குப் போய் முரட்டு மயிர் நீக்கி, காஷ்மீருக்குப் போய்ப் பெண்கள் ராட்டையில் நூற்று, கைத்தறியில் நெய்து சால்வையாகிறது. மிஷினில் ஏன் நூற்கக்கூடாது என்று நூற்பாலைக்காரன் கேட்பான். நூற்கலாம், ஆனால் இழை தாங்காது. அதனால் நைலானைக் கலந்து நூற்று, நெய்த பிறகு அமிலத்தில் நைலானைக் கரைத்துவிடுகிறார்கள். அப்போது பஷ்மும் கொஞ்சம் வலுவிழக்கும். கையால் நூற்றதற்கும் அதற்கும் தொட்டாலே வித்தியாசம் தெரியும். காஷ்மீர் பஷ்மினாவுக்கு 2008-லும் லடாக் பஷ்மினாவுக்கு 2023-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் கிடைத்த அதே குறியீடுதான். போலிப் பால்கோவா பார்த்து நமக்கு எவ்வளவு கோபம் வரும்? அந்தக் கோபத்தோடு முந்நூறு ரூபாய்ப் பஷ்மினாவை நினைத்துப் பாருங்கள்.

பெரியவர் எங்களுக்கு வெண்ணெய் டீ கொடுத்தார். உப்பு போட்ட டீ. வீட்டம்மா ஒரு மடக்கு குடித்துவிட்டு, சிரித்த முகம் மாறாமல் என் டம்ளரில் ஊற்றிவிட்டாள். எனக்குப் பஞ்சு வாங்க குஜராத் போய்வந்த வகையில் அரைகுறை ஹிந்தி தெரியும். அவருக்கும் அரைகுறை. மிச்சத்தை டிரைவர் பார்த்துக்கொண்டார்.

கிலோ இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் கிடைக்கும் என்றார். இரண்டு மகன்களாம். ஒருவன் லேயில் டாக்ஸி ஓட்டுகிறான், ஒருவன் சாலைப் பணியில். இரண்டு பேரும் ஆட்டுக்கு வரமாட்டார்கள். பக்கத்து கர்னாக் பகுதியிலிருந்து நிறையக் குடும்பம் லேவுக்குப் பக்கத்திலேயே போய்க் குடியேறிவிட்டது என்றார். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை எல்லாம் அங்கேதானே. அவர் குறையாகச் சொல்லவில்லை. வானிலை சொல்வது போலச் சொன்னார்.

2013 ஆரம்பத்தில் பெரும் பனி விழுந்ததாம். புல் முழுக்கப் பனிக்கு அடியில் போய்விட்டது. சாங்தாங் முழுக்க ஆயிரக்கணக்கில் குட்டிகள் செத்தன. "எத்தனை போச்சு உங்களுக்கு?" என்றேன். கையை விரித்துக் காட்டினார். பிறகு, கூடாரத்தின் ஒரு மூலையைக் காட்டி, ராத்திரி குட்டிகளை இங்கேதான் எங்களோடு படுக்கவைத்தோம், அப்படியும் காலையில் விறைத்துக் கிடந்தன என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என் அப்பாவும் ஆடு மேய்த்தவர்தான், அவருக்கும் ஒரு மழையில் குட்டிகள் போயின என்று சொன்னேன். அவர் முகம் மாறியது. அதுவரை நான் சுற்றுலாக்காரன். இப்போது என்னை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். எத்தனை ஆடு, என்ன நிறம், எவ்வளவு பால் என்று வரிசையாகக் கேட்டார். உங்கள் ஆட்டுக்குப் பஷ்ம் உண்டா என்றார். இல்லை, ஒற்றை மயிர்தான் என்றேன். "அப்படியானால் மழையில் நனைந்தால் நடுங்குமே" என்றார்.

நாற்பத்து மூன்று வருஷம் கழித்து, நாலாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில், என் அய்யாவின் கேள்விக்குப் பதில் கிடைத்தது. பதில் சொன்னவர் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தவரே இல்லை.

கடைசியாக ஒன்று கேட்டார். "உங்க அப்பா ஆடுகளை இப்போ யார் மேய்க்கிறாங்க?"

யாரும் இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆட்டைப் படுக்கவைத்தார். புறப்படும்போது ஒரு பிடி பஷ்மைக் காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. பொட்டலமாக அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டபோது, வேறு ஒரு பொட்டலம் ஞாபகத்துக்கு வந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஊருக்கு வந்த இரண்டாம் வாரம், திருவண்ணாமலை அடிவாரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளில் ஒரு பால்கன்னியைப் பிடித்துத் தரச்சொல்லி, முதுகிலிருந்து கறுப்பு மயிர் நாலும் முகத்துக் கோட்டிலிருந்து வெள்ளை மயிர் நாலும் எடுத்துக்கொண்டேன். மேய்த்த பையன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். என்னிடம் வேலை பழகிய ஒருவர் இப்போது ஒரு மில்லில் பரிசோதனைக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போனேன். "சார், என்ன சாம்பிள்?" என்றார். "ஆட்டு மயிர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடித் துண்டைத் துடைத்துக் கொடுத்தார்.

முதலில் பஷ்மை வைத்தேன். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இருபது இழை அளந்ததில் சராசரி பதின்மூன்று மைக்ரான். நல்ல பருத்திக்குச் சமானம். ஓரத்தில் மீன் செதில் போல மெல்லிய வளையம் வளையமாக, உள்ளே ஒன்றும் இல்லாமல் தெளிவாக, கண்ணாடிக் குச்சி மாதிரி இருந்தது. அடுத்தது கன்னி. கறுப்பு மயிர் ஒளியையே விடவில்லை, இரும்புக் கம்பி போலக் கிடந்தது. வெள்ளை மயிரில்தான் உள்ளே தெரிந்தது. எண்பது மைக்ரானுக்குக் கிட்டே. நடுவில் மூங்கிலில் ஓடுவது போல ஒரு தண்டு. முதுகிலிருந்து எடுத்ததிலும் மெல்லிய அடிமயிர் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. விளையாட்டாக என் தலைமுடி ஒன்றையும் வைத்தேன். எழுபது. கன்னி ஆட்டுக்கும் எனக்கும் அவ்வளவு வித்தியாசம் இல்லை.

அய்யா கேட்டது மிகச் சரியான கேள்வி. மயிரில்தான் விஷயம் இருந்தது. ஆனால் கோளாறு இல்லை. செம்மறிக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு உண்டு, மயிரிலும் எண்ணெய்ப் பசை உண்டு. வெள்ளாட்டுக்கு இரண்டும் குறைவு. குளிர்நாட்டு வெள்ளாடு அதற்குப் பதிலாக அடிமயிரை வளர்த்துக்கொண்டது. நம் ஆடு நெருப்பு வெயிலில் நாள் பூராவும் நடக்க வேண்டியது, அதற்கு எதற்குப் போர்வை? வருஷத்தில் பதினைந்து நாள் மழைக்குத்தான் அது தோற்றுப்போகும். அந்தப் பதினைந்து நாளுக்கு உலர்ந்த தரையும் காற்றுப் படாத மறைப்பும் இருந்தால் போதும். இதை 1975-லேயே அரை மணி நேரத்தில் பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஒரு நல்ல தொழு போட்டுக் கொடுக்க என் ஒரு மாதச் சம்பளம் ஆகியிருக்கும்.

அவ்வளவுதான் நண்பர்களே. பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை நான். இப்போதும் அடிவாரத்துக்குப் போனால் அந்தப் பையனின் ஆடுகளைப் பார்ப்பேன். போன ஐப்பசிக்கு முன்னால் அவனுடைய தொழுவுக்குத் தகரம் நாலு வாங்கிப் போட்டுக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டான். ஒரு பழைய கடன் என்றேன்.

பஷ்மும் கன்னி மயிரும் ஒரே கண்ணாடிச் சீசாவில் என் மேஜைமேல் இருக்கின்றன. முந்நூறு ரூபாய்ச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டம்மா டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறாள். குளிருக்கு இதமாகத்தான் இருக்கிறதாம்.

உங்கள் அப்பாவோ அம்மாவோ உங்களிடம் கேட்டு, நீங்கள் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி ஏதாவது உண்டா? இருந்தால் எழுதுங்கள்.